அலமாரிக்குப் புதுமேனி

திண்டுக்கல் 1985-ஆம் ஆண்டில் மதுரை மாவட்டத்தினின்றும் பிரிந்து தனி மாவட்டத்தின் தலைநகரம் ஆன பிறகு, மலைக்கோட்டையின் அடிவாரத்துப் பழைய தெருக்களைத் தாண்டி நாற்புறமும் புதிய குடியிருப்புகள் பரவின. அவ்வீடுகள் பலவற்றில், நின்றுகொண்டே சமைப்பதற்கு ஏற்ப இடுப்பளவு உயரத்தில் ஒரு மேடை கட்டி, அதன் கீழே செங்கல் சுவர்களுக்கு இடையில் கடப்பைக் கற்களைத் தட்டுகளாகப் பதித்து, அவற்றின் முன்னால் பிளைவுட் கதவுகளை மாட்டி, கதவுகளின்மேல் 'மைக்கா' என்று நம்மவர் வழங்கும் வழவழப்பான தகட்டை ஒட்டிவைத்தார்கள். பதினைந்து, இருபது ஆண்டுகள் புழங்கிய பின் அந்தச் சமையலறைக்குள் இன்று நுழைவோமானால், தாளிப்பின் புகை படிந்து மஞ்சள் பூத்த கதவுகளும், தொட்டியருகே ஓரம் பிளந்து உப்பிய பலகைகளும், ஒரு பக்கம் தொங்கித் தரையை உரசும் கீல்களுமே முதலில் கண்ணில் படும். உடனே வீட்டார் கொள்ளும் முடிவு, எல்லாவற்றையும் பெயர்த்தெறிந்துவிட்டு 'மாடுலர் கிச்சன்' ஒன்றை லட்சக்கணக்கில் செலவிட்டு அமைத்துவிடவேண்டும் என்பது. அம்முடிவு பெரும்பாலும் அவசியமற்றது என்பதையும், பழையதன் உள்ளுடலை அப்படியே வைத்துக்கொண்டு அதன் மேனியை மட்டும் புதுப்பிக்கும் காரியம் சிக்கனமானது மட்டுமல்ல, பௌதிக, ரசாயன சாஸ்திரங்களின் ஆதரவு பெற்றதும் ஆகும் என்பதையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

சமையலறை அலமாரி எதுவாயினும் அதில் மூன்று அங்கங்கள் உண்டு. பாரத்தைத் தாங்கி நிற்கும் கூடு முதலாவது. திறந்து மூடும் கதவுகளும் இழுப்பறைகளின் முகப்பும் இரண்டாவது. இவற்றின் வெளிப்புறத்தைப் போர்த்தியிருக்கும் மெல்லிய மேற்பரப்பு மூன்றாவது. நம் ஊர் வீடுகளில் கூடு என்பது பெரும்பாலும் செங்கல்லும் கடப்பைக்கல்லும் ஆதலால், அதற்கு வயது என்று ஒன்று இருப்பதாகவே சொல்ல முடியாது. பூமிக்குள் கோடிக்கணக்கான ஆண்டுகள் படிந்து இறுகிய சுண்ணாம்புப் பாறை, இருபது ஆண்டுச் சாம்பாரினாலும் ரசத்தினாலும் தன் வலிமையை இழந்துவிடப் போவதில்லை. மரக்கூடாக இருக்கும் இடத்திலுங்கூட, உட்புறத்துப் பலகை வெயிலையும் எண்ணெயையும் கைப்படுதலையும் நேரே சந்திப்பதில்லை. தேய்வதும் கறுப்பதும் வெடிப்பதும் மேற்பரப்பும் விளிம்புகளும் கீல்களுமே. எனவே தேய்ந்ததை மாற்றித் தேயாததைக் காப்பது என்ற எளிய நியாயம், அலமாரியின் விஷயத்தில் முற்றும் பொருந்துகிறது.

சாதாரண மரத்தின்மேல் சிறந்த மரத்தின் மெல்லிய ஏட்டை ஒட்டி அழகு செய்யும் வித்தை மனிதனுக்குப் புதியதன்று. எகிப்து தேசத்தில் ஸக்காரா என்னுமிடத்துப் படிக்கட்டுப் பிரமிடின் சுரங்கங்களில், ஆறு மர ஏடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் செய்த ஒரு சவப்பெட்டியின் பகுதி கிடைத்திருக்கிறது; அதன் வயது நாலாயிரத்து அறுநூறு ஆண்டுகளுக்குக் குறையாது. நல்ல மரம் அரிதாயிருந்த பாலைவன நாட்டில், கையளவு கருங்காலியைக் கொண்டு ஒரு பெட்டி முழுவதையும் கருங்காலியாகத் தோன்றச் செய்யும் சாமர்த்தியம் தேவையினால் பிறந்தது. இன்று திண்டுக்கல்லில் ஒரு தச்சர் பழைய கதவின்மேல் புதிய மைக்காவை ஒட்டும்போது, அந்தத் தொன்மையான சிக்கனத்தையே அவரும் கைக்கொள்ளுகிறார்.

அச்சிக்கனத்தின் அளவை எடைபோட்டே காணலாம். எட்டடி நீளம், நாலடி அகலம், 18 மில்லிமீட்டர் கனம் உள்ள பிளைவுட் பலகை ஒன்று, மரத்தின் வகைக்கு ஏற்பச் சற்றுக் கூடியோ குறைந்தோ, சுமார் 33 கிலோகிராம் எடை இருக்கும். அதே நீள அகலத்தில் 1 மில்லிமீட்டர் கனமுள்ள மைக்காத் தகடோ நாலே கால் கிலோகிராமுக்கு மேற்போகாது. கண்ணுக்குப் புலப்படும் மாற்றம் முழுவதையும் தருவது இந்த நாலு கிலோ. ஆனால் பழையதைப் பெயர்த்து எறியும்போது நாம் இழப்பதோ அந்த 33 கிலோவும். உலர்ந்த மரத்தின் எடையில் ஏறக்குறைய பாதி, அம்மரம் உயிரோடிருந்தபோது காற்றிலிருந்து உறிஞ்சிய கரியே ஆகும். பலகை வீட்டில் இருக்கும்வரை அக்கரியும் அதற்குள் அடைபட்டிருக்கும். குப்பையில் எரிந்தாலோ மக்கினாலோ அது மீண்டும் காற்றிலேயே கலந்துவிடும். இனி, அந்தப் பலகையின் ஸ்வபாவம் என்ன, அது ஏன் கெடுகிறது, எவ்விதம் கெடாமல் இருக்கும் என்பவற்றைக் கிரமமாகப் பார்ப்போம்.

மரம் வெட்டுண்ட பிறகும் காற்றோடு கொண்ட உறவை விடுவதில்லை. காற்றில் ஈரம் மிகும்போது அது ஈரத்தை உறிஞ்சி விரிகிறது. காற்று உலரும்போது ஈரத்தை விட்டுச் சுருங்குகிறது. காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு 50 என்ற அளவில் நெடுநாள் நின்றால் மரத்தினுள் அதன் உலர்ந்த எடையில் நூற்றுக்கு 9 பங்கு நீர் தங்கும். ஈரப்பதம் 80-ஐ எட்டினால் அது 15, 16 பங்காக உயரும். பழனி மலைக்கும் சிறுமலைக்கும் இடைப்பட்ட திண்டுக்கல் சமவெளியில் சித்திரை வைகாசியின் வறண்ட வெயிலும், ஐப்பசி கார்த்திகையின் வடகிழக்குப் பருவமழையும் ஆண்டுதோறும் மாறி மாறி வருவதால், இங்குள்ள ஒவ்வொரு மரக்கதவும் இந்த விரிவையும் சுருக்கத்தையும் தவறாமல் அனுபவிக்கிறது. இந்த விரிவு எல்லாத் திசைகளிலும் சமமாக இல்லை என்பதே விசேஷம். மரத்தின் நார் ஓடும் நீளவாக்கில் அது அற்பம்; நாருக்குக் குறுக்கே, அதிலும் ஆண்டு வளையங்களைத் தழுவிய திசையிலே, அது மிகுதி. மரங்களில் அடக்கமானது என்று பெயரெடுத்த தேக்கிலேயே, ஒன்றரை அடி அகலமுள்ள தனிப்பலகை, கோடைக்கும் மழைக்கும் இடையில் 5 மில்லிமீட்டர் வரை அகன்று குறுகக்கூடும். முன்னாளில் கதவுகளைச் சட்டமும் தளர்வாகச் செருகிய பலகையுமாகச் செய்துவந்த தச்சர்கள், இந்த அசைவுக்கு இடம் விட்டுவைத்த அனுபவசாலிகளே ஆவர்.

பிளைவுட் அந்த அசைவைப் பிறிதொரு வழியில் அடக்குகிறது. மெல்லிய மர ஏடுகளை, ஒன்றின் நார் கிழக்கு மேற்காகவும் அடுத்ததன் நார் தெற்கு வடக்காகவும் ஓடும்படி மாற்றி மாற்றி அடுக்கி, பிசினிட்டு உஷ்ணத்தில் அழுத்தும்போது, ஒவ்வொரு ஏடும் தன் அண்டை ஏட்டின் குறுக்கு விரிவைத் தன் நீளவாக்கின் ஸ்திரத்தால் இழுத்துப் பிடித்துக்கொள்ளுகிறது. தனிப்பலகை காட்டும் அசைவில் பத்தில் ஒரு பங்கு அளவே பிளைவுட் காட்டும். ஏடுகளின் எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருப்பதற்கும் காரணம் உண்டு: நடு ஏட்டுக்கு இருபுறமும் சம எண்ணிக்கையில் சம திசையில் ஏடுகள் அமைந்தால்தான் இழுவிசைகள் ஒன்றையொன்று ஈடுசெய்து பலகை வளையாமல் நிற்கும். ஏடுகளைப் பிணைக்கும் பிசினைப் பொறுத்தே பலகையின் தரம் வகுக்கப்படுகிறது. சாதாரண உபயோகத்துக்கான பிளைவுட்டுக்கு இந்தியத் தர நிர்ணயம் 303 என்றும், கடற்கலங்களுக்கான பிளைவுட்டுக்கு 710 என்றும் எண் உண்டு. பின்னதன் பிசின், 72 மணி நேரம் கொதிநீரில் கிடந்த பின்னும் பிடியை விடாத அளவுக்கு உறுதியாயிருக்கவேண்டும். பழைய கதவின் உட்புறத்திலோ விளிம்பிலோ இந்த முத்திரை மங்கலாகவேனும் தென்பட்டால், அப்பலகையை எறிவதற்கு முன் இருமுறை யோசிப்பது நலம்.

மேலே ஒட்டும் தகட்டின் வரலாறும் சுவையானது. லியோ பேக்லண்ட் என்ற ரசாயன அறிஞர் 1907-ஆம் ஆண்டில் பீனாலையும் பார்மால்டிஹைடையும் கூட்டி, ஒருமுறை இறுகிவிட்டால் மறுபடி எந்த உஷ்ணத்திலும் உருகாத ஒரு பிசினைச் செய்தார். ஆறு ஆண்டுகள் கழித்து, அமெரிக்காவில் ஹெர்பர்ட் ஃபேபர், டேனியல் ஓகானர் என்ற இருவர், மின்சாரக் கருவிகளில் காப்பாகப் பயன்பட்ட அப்பிரகம் என்னும் மைக்காவுக்குப் பதிலாக, அந்தப் பிசினில் தோய்த்த தகடுகளைச் செய்து விற்கும் தொழிலைத் தொடங்கினார்கள். மின்சாரப் பொறிகளுக்காகப் பிறந்த அந்தத் தகடு, அடுத்த கால் நூற்றாண்டுக்குள் மெலமின் என்ற தெளிந்த பிசினையும் வண்ணம் அச்சிட்ட தாளையும் மேலே ஏற்றுக்கொண்டு, மேசைக்கும் அலமாரிக்கும் வந்து சேர்ந்தது. இன்றும் அதன் அமைப்பு அதுவே: அடியிலே பீனால் பிசின் ஊறிய பழுப்புத் தாள்கள் சில, அவற்றின் மேல் மெலமின் பிசின் ஊறிய சித்திரத் தாள் ஒன்று, 120 பாகைக்கு மேற்பட்ட உஷ்ணத்திலும், சதுர சென்டிமீட்டருக்கு 50 கிலோகிராமுக்குக் குறையாத அழுத்தத்திலும் இவை ஒரே உடலாகி வெளிவருகின்றன. திண்டுக்கல்லின் பேகம்பூர்ப் பக்கத்துத் தோல் பதனிடும் ஷாப்புகளில் முன்னாளில் ஆவாரம்பட்டைச் சாறு, தோலின் புரத இழைகளுக்கிடையே குறுக்குப் பிணைப்புகளைப் போட்டு, அழுகும் பொருளை அழுகாப் பொருளாக மாற்றியது எவ்வாறோ, அவ்வாறே இங்கும் பிசின் மூலக்கூறுகள் முப்புறமும் குறுக்கே பிணைந்துகொள்வதனால்தான், நனைந்து கிழியும் இயல்புடைய காகிதம் நீருக்கும் எண்ணெய்க்கும் எலுமிச்சைச் சாற்றுக்கும் அசையாத கவசமாகிவிடுகிறது.

இத்தகைய கவசத்துக்கும் சமையலறையில் பகைவர்கள் உண்டு. முதற்பகை எண்ணெய். கடுகு வெடிக்கும்போது நுண்துளிகளாக எழும் எண்ணெய், குளிர்ந்த கதவுகளில் படிந்து, நாளடைவில் காற்றின் பிராணவாயுவோடு சேர்ந்து, நீரால் கழுவ முடியாத பிசுக்காக இறுகுகிறது. எண்ணெயில் லினோலிக் அமிலம் எவ்வளவு மிகுதியோ அவ்வளவுக்கு இந்த இறுக்கமும் விரைவு. ஆகையால், தேங்காய் எண்ணெயைக் காட்டிலும் கடலை எண்ணெயும், அதைக் காட்டிலும் நல்லெண்ணெயும், யாவற்றினும் மேலாகச் சூரியகாந்தி எண்ணெயும் கதவுகளில் பிசுக்கை ஏற்படுத்தும். வெந்நீரில் கரைத்த சலவைச் சோடா இப்பிசுக்கைச் சவர்க்காரமாக மாற்றி இளக்கிவிடும். கெட்டுவிட்டதாகக் கருதப்படும் கதவுகளில் சில, இந்தக் கழுவுதல் ஒன்றினாலேயே தம் பழைய நிறத்தைத் திரும்பப் பெற்றுவிடுவதும் உண்டு. எனவே, புதுப்பிக்கும் வேலையை எப்போதும் கழுவுதலிலிருந்தே தொடங்கவேண்டும். கழுவிய பின் எஞ்சும் குறையே உண்மையான குறை.

இரண்டாம் பகை நீர். தகட்டின் முகத்தில் ஊடுருவ முடியாத நீர், அதன் விளிம்பில் வழி கண்டுபிடிக்கிறது. மரத்தின் நார்கள் நுண்ணிய குழாய்கள் ஆதலால், அவை வெட்டுண்டு திறந்திருக்கும் குறுக்குமுனையில், பக்கவாட்டைக் காட்டிலும் பன்மடங்கு வேகமாக நீரை உறிஞ்சும். பாத்திரம் துலக்கும் தொட்டியின் கீழுள்ள கதவின் அடிவிளிம்பு முதலில் கெடுவதும், மேல்வரிசைக் கதவுகள் கெடாமல் இருப்பதும் இதனாலேயே. ஆழ்கிணற்றுத் தண்ணீர் புழங்கும் வீடுகளில், தொட்டியைச் சுற்றிய கதவுகளில் வெண்மையாகப் படியும் உப்பு வேறு சேர்ந்துகொள்ளும். அது கால்சியம், மக்னீசியம் இவற்றின் கார்பனேட்டு ஆகையால், புளியோ எலுமிச்சையோ கொண்டு துடைத்தால் கரைந்துவிடும். மூன்றாம் பகையான உஷ்ணம், மெலமின் தகட்டை அதிகம் பாதிப்பதில்லை. ஆனால் நீருக்கும் கறையானுக்கும் அஞ்ச வேண்டாம் என்று இக்காலத்தில் பலர் விரும்பும் பி.வி.சி. கதவுகள் ஏறக்குறைய 80 பாகையில் இளகத் தொடங்கும் இயல்புடையன. அவற்றை அடுப்பின் அண்டையில் அமைக்காமல், தொட்டியின் கீழ் அமைப்பதே அறிவுடைமை.

இனி, பழைய கதவு புதுமேனிக்கு அருகதையுடையதா என்ற பரீட்சை. விரல் கணுவால் பலகை முழுவதையும் தட்டிப் பார்க்கவேண்டும்; ஓசை ஒரே சீராக இருந்தால் உள்ளே குறையில்லை; ஓரிடத்தில் மட்டும் வெற்றொலி எழுந்தால் அங்கு ஏடு பிரிந்திருக்கிறது, அல்லது பூச்சி தின்றிருக்கிறது. திருப்புளியின் முனையை விளிம்பில் அழுத்தினால், நல்ல மரம் எதிர்த்து நிற்கும். உளுத்த மரம் விட்டுக்கொடுக்கும். மாவு போன்ற தூளும் குண்டூசித் தலையளவு துளைகளும் காணப்பட்டால் அது உளுவண்டின் வேலை. மண்ணால் ஆன குழாய்ப்பாதை சுவரோரம் ஏறியிருந்தால் அது கறையானின் வேலை. கறையான் நிலத்தடியிலிருந்து ஈரத்தைச் சுமந்துகொண்டே வருவதாகையால், அதன் மண்பாதையைத் துடைத்துவிடுவதால் மட்டும் பயனில்லை. தரையிலும் சுவர் இடுக்கிலும் மருந்திட்டு, ஒழுகும் குழாயைச் செப்பனிட்ட பிறகே மேற்கொண்டு எதையும் செய்யவேண்டும். மரத்தூளை அழுத்திச் செய்த 'பார்ட்டிகிள் போர்டு' பலகைக்கு மட்டும் இங்கே கருணை காட்ட இயலாது. செய்யும்போது அழுத்தி நெருக்கப்பட்ட அதன் துகள்கள் ஒருமுறை நீர்பட்டால் நிமிர்ந்துகொள்கின்றன, உலர்ந்த பின்பும் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. உப்பிய அப்பலகையின்மேல் எந்த மேனியைப் போர்த்தினாலும் அது நிலைக்காது.

பரீட்சையில் தேறிய கதவுக்குப் பசையைத் தேர்ந்தெடுக்கும் கட்டத்திலேதான் நம் ஊர் வேலைகளில் பெரும்பாலான தவறுகள் நேருகின்றன. 1959 முதல் நம் நாட்டில் ஃபெவிகால் என்ற பெயரில் வீடுதோறும் அறிமுகமான வெள்ளைப் பசை, பாலிவினைல் அசிடேட் என்ற பதார்த்தத்தின் நுண்துகள்கள் நீரில் மிதக்கும் கலவை. அந்த நீர் மரத்துக்குள் இறங்கி மறைந்தால்தான் துகள்கள் ஒன்றோடொன்று நெருங்கிக் கூடி உறுதியான படலமாகும். மரத்தின்மேல் மைக்காவை ஒட்டும்போது நீருக்குப் போக்கிடம் உண்டு. பழைய மைக்காவின்மேலேயே புதிய மைக்காவை ஒட்டும்போதோ, மேலும் கீழும் நீர் புகாத இரு தகடுகளுக்கிடையே ஈரம் சிறைப்பட்டு, பல நாள் கழிந்தும் பசை நடுவிலே காயாமல் கிடக்கும். ஆகவே பழைய தகட்டைச் சூடு காட்டிப் பெயர்த்துவிட்டு மரத்தின்மேல் வெள்ளைப் பசையால் ஒட்டுவது ஒரு வழி. பழைய தகடு அழுத்தமாக ஒட்டியிருந்தால், அதன் வழவழப்பு மறையும்வரை உப்புத்தாளால் தேய்த்து, செயற்கை ரப்பர்ப் பசையால் ஒட்டுவது மற்றொரு வழி.

பின்னதில் இரு முகங்களிலும் பசையைத் தடவி, அதன் கரைப்பான் ஆவியாகி விரலில் ஒட்டாத நிலை வரும்வரை காத்திருந்து, பிறகே ஒன்றோடொன்று சேர்க்கவேண்டும். தொட்ட மாத்திரத்தில் பிடித்துக்கொள்ளும் ஆதலால் குறிபார்த்து வைப்பதில் நிதானம் வேண்டும். அந்தக் கரைப்பானின் ஆவி தீப்பற்றும் இயல்புடையது. எனவே வேலை நடக்கும் நாளில் கேஸ் சிலிண்டரை மூடி வெளியே வைத்து, ஜன்னல்களைத் திறந்து வைப்பது உயிர்க்காப்பான விதி. எந்தப் பசையானாலும் அடிப்பரப்பில் எண்ணெய்ப் பிசுக்கு இருத்தலாகாது. தேய்த்துக் கழுவிய கதவைச் செங்குத்தாக நிறுத்தி ஒரு கரண்டி நீரை வார்த்தால், நீர் ஒரே படலமாய்ப் பரவி வழியவேண்டும். முத்து முத்தாகத் திரண்டு உருண்டால் அங்கே பிசுக்கு எஞ்சியிருக்கிறது என்பதும், பசையும் அவ்வாறே பரவாமல் விலகி நிற்கும் என்பதும் தெளிவு.

ஒட்டிய பின் சில மாதங்களில் கதவு வில்லாக வளைந்துபோவது பலர் வீட்டிலும் கண்ட அனுபவம். இதற்கு மரத்தைக் குறை கூறுவது வழக்கம். குறை மரத்திலன்று, சமநிலை தவறியதில் இருக்கிறது. ஒரு முகத்தில் மட்டும் ஈரம் புகாத தகடும், மறுமுகத்தில் திறந்த மரமும் இருந்தால், மழைக்காலத்தில் திறந்த முகம் மட்டும் விரிய, மூடிய முகம் விரியாமல் நிற்கும். விரிந்த பக்கம் புறவளைவாகவும் விரியாத பக்கம் உள்வளைவாகவும் கதவு வளைவதைத் தவிர அதற்கு வேறு கதியில்லை. பிளைவுட்டில் ஏடுகளை ஒற்றைப்படையாக அடுக்கியதன் நியாயமே இங்கும் விதி: வெளிமுகத்துக்கு 1 மில்லிமீட்டர் தகடு இட்டால், உள்முகத்துக்கும் அதனோடு ஒத்த தகடு ஒன்றை, விலை குறைந்த வெறும் வெள்ளை நிறத்ததாயினும், இடவேண்டும். உள்ளே யார் பார்க்கப்போகிறார்கள் என்று அந்தச் செலவை மிச்சம் பிடிப்பவர், வெளியே தெரியும் அழகையே பணயம் வைக்கிறார். நான்கு விளிம்புகளுக்கும், முக்கியமாகக் கீழ்விளிம்புக்கு, பட்டை ஒட்டி அடைத்துவிடவேண்டும்; குனிந்து பார்த்தால் மட்டும் தெரியும் அந்த அடிவிளிம்பே கதவின் ஆயுளை நிர்ணயிக்கும் இடம்.

கீல்களின் விஷயம் சிறு கணக்கில் அடங்கும். ஒன்றரை அடி அகலமும் இரண்டேகால் அடி உயரமும் உள்ள கதவு ஒன்றின் எடை, தகடுகள் உள்பட, நாலரை கிலோகிராம் அளவு இருக்கும். அந்த எடை கீலிலிருந்து முக்காலடி தள்ளிய நடுப்புள்ளியில் தொங்குவதாகக் கொண்டால், மேல்கீலை அது எந்நேரமும் ஏறக்குறைய இரண்டு கிலோகிராம் விசையோடு வெளியே இழுத்துக்கொண்டிருக்கும். பழைய தகட்டைப் பெயர்க்காமல் இருமுகத்திலும் புதுத்தகட்டை ஏற்றினால், கதவின் எடை ஏறக்குறைய ஒரு கிலோ கூடும். இழுப்பும் அதற்கேற்பக் கூடும். திருகாணியின் பிடி அதன் மறைகள் கவ்வியிருக்கும் மர நார்களிலேயே உள்ளது. நார் நைந்து துளை அகன்றுவிட்டால், பெரிய திருகாணியை அடிப்பதைவிட, மூங்கில் ஆப்பு ஒன்றைப் பசை தோய்த்துத் துளையில் இறுக்கி, காய்ந்தபின் அதிலேயே புதிதாகத் துளையிட்டு மாட்டுவது நெடுநாள் நிற்கும். இரும்பும் பித்தளையும் கொண்டு நெம்புகோல் பூட்டுகளையும் மாங்காய்ப் பூட்டுகளையும் கையாலேயே செய்து, 2019-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடும் பெற்ற ஊர் இது. நுட்பமான அரத்தின் வேலையில் தலைமுறைகளாகத் தேர்ந்த கைகள் இங்கே இருக்கையில், இழுப்பறைக்கு ஒரு பூட்டையோ, துருவேறிய தாழ்ப்பாளுக்கு ஒரு மாற்றையோ இவ்வூர்ப் பட்டறையிலேயே செய்வித்துக்கொள்வது, வீட்டுக்கும் ஊருக்கும் ஒருங்கே நன்மை.

வேலைக்கு உகந்த காலம் எது என்பதற்கும் மேலே சொன்ன ஈரக்கணக்கே விடை தருகிறது. சித்திரையில் ஒட்டினால் மரம் மிக வறண்டு சுருங்கிய நிலையில் இருக்கும்; பசையின் நீரையும் அது தகட்டை வைப்பதற்குள் குடித்துவிடும். ஐப்பசியில் ஒட்டினாலோ மரம் விரிந்து நிற்க, பசை காய நாளாகும். மழையின் ஈரம் தணிந்து வெயில் ஏறாத தை, மாசி மாதங்களில் மரம் தன் ஆண்டுச் சுழற்சியின் நடுநிலையில் நிற்பதால், அப்போது ஒட்டிய தகடு இருபுறத்து மாறுதலையும் பாதிப்பாதியாகவே தாங்கவேண்டிவரும்.

உடல்நலத்தின் பக்கமும் ஒன்று சொல்லவேண்டும். பலகைகளின் பிசினில் எஞ்சிய பார்மால்டிஹைடு, புதிதாக இருக்கும்போது மிகுதியாகவும் நாளாக ஆகக் குறைவாகவும் காற்றில் கசியும். உஷ்ணமும் ஈரமும் அக்கசிவைத் தூண்டும். சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2004-ஆம் ஆண்டில் அதனை மனிதருக்குப் புற்றுநோய் விளைக்கும் பொருள்களின் வரிசையில் சேர்த்தது. உலக சுகாதார நிறுவனம் அறைக்காற்றில் கனமீட்டருக்கு 0.1 மில்லிகிராமுக்கு மேல் அது இருத்தலாகாது என்று வரையறை செய்திருக்கிறது. பல ஆண்டுகள் புழங்கிய பலகை, தன் கசிவின் பெரும்பகுதியை முன்னமே தீர்த்துவிட்டதாகும். அதன் முகங்களையும் விளிம்புகளையும் முற்றும் அடைத்துவிட்டால் எஞ்சியதும் உள்ளேயே தங்கும். புதிய அலமாரி ஒன்றை முழுமையாகக் கொண்டுவந்து, அதே வாரத்தில் ஜன்னலை மூடிக்கொண்டு சமைப்பதைக் காட்டிலும், பழையதன் மேனியைப் புதுப்பித்து, சில நாள் காற்றோட்டமாக விட்டுப் புழங்குவது, குழந்தைகள் இருக்கும் வீட்டுக்கு க்ஷேமமானது.

திண்டுக்கல்லுக்கு அருகே, சின்னாளப்பட்டியை அடுத்து, டாக்டர் டி. எஸ். சௌந்திரமும் ஜி. ராமச்சந்திரனும் 1947-இல் தொடங்கிய காந்திகிராமம் இருக்கிறது. அதே காந்திய நெறியைப் பொருளாதாரத்தில் விளக்கியவரும், மதுரைக்குத் தெற்கே டி. கல்லுப்பட்டியில் தம் இறுதி ஆண்டுகளைக் கழித்தவருமான ஜே. சி. குமரப்பா, சிறையிலிருந்து எழுதி 1945-இல் வெளியிட்ட நிலைத்த பொருளாதாரம் பற்றிய நூலில், இயற்கையின் செல்வங்களை இரண்டாக வகுத்தார்: எடுக்க எடுக்க மீண்டும் ஊறுவன ஒருவகை, எடுத்தால் குறைந்து தீர்ந்தே போவன மற்றொருவகை. மரம் முதல்வகையைச் சேர்ந்தது. ஆனால் மரத்தை ஒட்டும் பிசினுக்கும் மேலே போர்த்தும் தகட்டுக்கும் மூலமான பீனாலும் மெலமினும் இந்நாளில் பெட்ரோலியப் படிவங்களிலிருந்தும் இயற்கை வாயுவிலிருந்தும் வருவன, ஆதலால் இரண்டாம் வகையைச் சார்ந்தன. பிளைவுட் கதவு ஒன்று இரண்டு வகைச் செல்வத்தையும் ஒன்றாகக் கட்டிய பொருள். அதை அகாலத்தில் எறிவது இரண்டையும் ஒருங்கே விரயமாக்குவது. மரம் மீண்டும் வளரும் என்றாலும், அலமாரிக்கு உதவும் பருவத்தை அடைய அதற்கு வேண்டிய ஆண்டுகள் பல. நாம் நம் அலமாரியை மாற்றும் வேகம் மரம் வளரும் வேகத்தை மிஞ்சினால், ஊறும் ஊற்றும் வற்றும் என்பது வெறும் கணக்கே.

ஆகவே இவ்விஷயத்தில் என் அபிப்பிராயம் தெளிவானது. சமையலறை பழசாகத் தோன்றும் நாளில், கடைக்குச் செல்லுமுன் ஒரு முழுநாளை ஒதுக்கி, ஒவ்வொரு கதவையும் சலவைச் சோடா நீரால் கழுவுங்கள், தட்டிப் பாருங்கள், விளிம்பை அழுத்திப் பாருங்கள். நல்லவை, செப்பனிடத் தக்கவை, நீக்கத் தக்கவை என்று மூன்றாகப் பிரித்து ஒரு தாளில் எழுதுங்கள். நல்லவற்றுக்குக் கீலை மட்டும் இறுக்குங்கள். செப்பனிடத் தக்கவற்றுக்கு இருமுகத்திலும் தகடும் நான்கு விளிம்பிலும் பட்டையும் இடுங்கள். நீக்கத் தக்கவற்றை மட்டும் நீக்கி, அவற்றின் இடத்தில் நீருக்கு அஞ்சாத பலகையை, முத்திரையைச் சரிபார்த்து வாங்குங்கள். தச்சரிடம் வேலையை ஒப்படைக்கும்போது பசை எது, உள்முகத்துக்குத் தகடு உண்டா, அடிவிளிம்பு அடைக்கப்படுமா என்ற மூன்று கேள்விகளைக் கேளுங்கள். தொழிலறிந்த தச்சர் அக்கேள்விகளை மகிழ்ந்து வரவேற்பார். இவ்வளவும் செய்த வீட்டார் செலவிடும் பணத்தில் பெரும்பங்கு, கண்ணுக்குத் தெரியாமல் தூக்கியெறியப்படும் மரத்துக்குப் போகாமல், இவ்வூர்த் தச்சரின் கைத்திறனுக்கே போய்ச்சேரும். அவர்களுடைய சமையலறையும், அறிவோடு பராமரித்தால், இன்னும் ஒரு பதினைந்து ஆண்டுகளுக்குக் குறைவின்றி உழைக்கும்.